பேட்டரி தீரும்வரை

சைகோனில் கடை வைத்திருந்த கணவனிடமிருந்து கடிதம் வந்து ஏழு மாதமாயிற்று. அங்கே சண்டை. ரேடியோ பேட்டரி வீணாகக் கூடாதென்று கைருன்னிஸா பாட்டுக் கேட்பதையே விட்டிருந்தாள். சினிமாப் பாட்டு, கவ்வாலி, இந்தி மெட்டு, நாதஸ்வரம் எல்லாமே அவளுக்குப் பிடிக்கும். இப்போது பிரெஞ்சுச் செய்தி மட்டும்தான். பக்கத்து வீட்டு குமாஸ்தா சோமசேகரன் தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கேட்டு, தமிழில் சொல்லுவார்.

அன்று ரேடியோ முனகியது.

“சண்டை இன்னும் நிக்கலம்மா. பேட்டரியும் போவப்போவுது. பாண்டிச்சேரியிலேருந்து புதுசு வர ஒரு மாசமாவும். அணைச்சு வைங்க, நாளைக்கு ஒருதடவ கேட்டுடலாம்.”

“ஊரு பேரு தினம் வருதுண்ணே. அவங்க பேரு ஒருநாளும் வராது.”

அவர் போனதும் ரேடியோ முள்ளைக் கொழும்பு நிலையத்துக்குத் திருப்பினாள். கவ்வாலி ஒன்று தொடங்கியது.

“எம்மவன் அங்க கெடக்கான், மகராணிக்குப் பாட்டு கேக்குதோ?” உள்ளேயிருந்து மாமியார் ஆஸியா பீவி கத்தினாள்.

பாட்டு தேயத் தேய, கைருன்னிஸா காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் நகருடி. எனக்குக் கேக்கல.”