பேர் வெட்டின டம்ளர்

போன வருஷம் அசனம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தங்கசாமி அண்ணாச்சி ஓர் உரச்சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சர்ச் வாசலில் கொட்டினார். அத்தனையும் பிளாஸ்டிக் கப். சேறு படிந்து, நசுங்கி, சிலதில் பாயசத்துச் சேமியா இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க சாமான் எல்லாம் என் வயல்ல கிடந்துச்சு. எண்ணிப் பாத்து எடுத்துக்கிடுங்க," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அசனம் என்றால், வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் சபை ஊருக்கே பொங்கிப் போடுகிற சாப்பாடு. வேதக்காரர், இந்து என்று பார்ப்பதில்லை. சாதி பார்ப்பதில்லை என்றும் சொல்லிக்கொள்வோம். எல்லோரும் பாயில் வரிசையாக உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிடுவார்கள். இலையை மாடு தின்றுவிடும். தண்ணீருக்கும் பாயசத்துக்கும் கொடுக்கிற கப்பை எந்த மாடு தின்னும்? சாரல் காற்று அதைப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் தள்ளியது. வாய்க்கால் கொண்டுபோய் அண்ணாச்சியின் மடையில் அடைத்தது. தண்ணீர் வடிய வழியில்லாமல் நாற்றங்கால் முழுக்க அழுகிப் போயிருந்தது.

என் பெயர் ரெபேக்காள். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். சபையில் பெண்கள் சங்கச் செயலாளர். எனக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்லும். குற்றால சீசனில் வந்து இறங்குகிற கூட்டத்திடம் பேரம் பேசி ஒரு குத்துப்போணியை விற்றுப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் வாய் எதற்கு நீளுகிறதென்று.

இந்த வருஷக் கமிட்டியில் நான்தான் பேச்சை எடுத்தேன். சபைச் செயலாளர் பாண்டியராஜ், போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், "காத்து தள்ளுனதுக்கு நாம என்னம்மா செய்ய?" என்றார்.

"காத்தா கப்பு வாங்குச்சு?" என்று கேட்டேன்.

பிறகு என் யோசனையைச் சொன்னேன். அவரவர் டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும். குடிக்கட்டும். கொண்டு போகட்டும். கப்பும் இல்லை, குப்பையும் இல்லை, கழுவுகிற வேலையும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். "ரெபேக்கா கடையில டம்ளர் தேங்கிட்டு போலுக்கு" என்று யாரோ கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்லச் சொன்னேன். "இவ்வருட அசனத்துக்கு வருகிறவர்கள் அவரவர் டம்ளரைக் கொண்டு வரவும்." தங்கசாமி அண்ணாச்சி என் கடை வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி, "நல்ல காரியம் செஞ்சிருக்கிய. முதப் பந்தியில நான் இருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய் வெட்டுவது பற்றிப் பேசக் கூடினபோது சொக்கம்மாக்கா வரவில்லை.

சொக்கம்மாக்கா எங்கள் சபை இல்லை. ஊரின் கிழக்கே இருக்கிற கீழத்தெரு. அசனத்துக்கு முந்தின நாள் அவளும் அந்தத் தெருப் பெண்களும் அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்தால்தான் எங்களுக்கு வேலை ஓடும். நான் நாசரேத்தில் இருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் அசனத்தில், கத்தரிக்காயை எப்படி நறுக்கினால் குழையாது என்று காட்டிக் கொடுத்தவள் அவள். அன்றிலிருந்து பழக்கம். அந்தத் தெரு வந்து உட்கார்ந்து சாப்பிடாமல் ஓர் அசனமும் நடந்ததில்லை. இந்தத் தடவை, தாங்கள் எப்போதும் வேலைக்குப் போகிற தங்கசாமி அண்ணாச்சி வயலில் நடவு இருக்கிறது, யாரும் வர முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாற்றே இன்னும் பிடுங்காத நேரம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நிறுத்தினேன்.

"என்னக்கா, இல்லாத நடவுக்குப் போயிட்டு வந்தாச்சா?"

அவள் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பேசினாள்.

"ஆட்டோவுல சொல்லிட்டுப் போனாவ, டம்ளர் கொண்டாங்கன்னு. எங்க தெருவுல எல்லாரும் கேட்டோம்."

"ஆமா. கப்பு வேண்டாம்னுதான். அதுல என்ன?"

"எங்கம்மை வேலைக்குப் போன வீட்டுல, அவளுக்குன்னு ஒரு டம்ளர் உண்டு. மாட்டுத்தொழுவத்துல ஓலைக்குள்ள சொருகியிருக்கும். அவளே எடுக்கணும். மேல இருந்து ஊத்துவாவ. குடிச்சிட்டு அவளே கழுவி அங்கனயே சொருகணும். நானும் சின்னப்பிள்ளையில அந்த டம்ளர்ல குடிச்சிருக்கேன். எந்த வீடுன்னு கேக்காதீய. உன் டம்ளர நீ கொண்டான்னு சொன்னா, இந்தத் தெருவுக்கு அது ஒரே அர்த்தந்தான்."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "நான் அப்பிடி நெனச்சா சொன்னேன்?"

"நெனைக்கல. நெனைச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டிய," என்றாள். "நீங்க திட்டுத கப்பு இருக்கே, அது வந்த பொறவுதான் டீக்கடையில எங்கய்யா பெஞ்சில உக்காந்தாவ. அதுவரைக்கும் எங்க ஆளுகளுக்குத் தனி கிளாசு, வெளிய நின்னு குடிக்கணும். கப்பு வந்தா எல்லாருக்கும் ஒரே கப்பு, குடிச்சித் தூரப் போட்டாச்சி. எங்கய்யா அத ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சாவ. உங்க அசனத்துலயும் அதான். எல்லாருக்கும் ஒரே இலை, ஒரே கப்பு. அதுக்குத்தான் நான் வாரதே. சாம்பாருக்கா வாரேன்?"

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். என் கடையில் வேலை பார்க்கிற யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவமானமாக இருந்தது. குப்பையை ஒழிக்கிறேன் என்று கிளம்பி, அவர்கள் எதைத் தாண்டி வந்தார்களோ அதையே மைக் போட்டு வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கப்பைக் கொண்டு வந்தால் அண்ணாச்சியின் நாற்று போகும். டம்ளர் கொண்டு வரச் சொன்னால் கீழத்தெரு வராது. அவர்கள் வராமல் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் அதற்குப் பெயர் அசனம் இல்லை.

மறுநாள் கமிட்டியைத் திரும்பக் கூட்டினேன். "யாரும் தன் டம்ளரைக் கொண்டு வந்து குடிக்க வேண்டாம். எல்லா வீட்டு டம்ளரும் முந்தின நாளே இங்க வந்து சேரட்டும். மொத்தமாக் குவிச்சி, வெந்நீர்ல கழுவி, எது கைக்கு வருதோ அதுல ஊத்துவோம். குடிச்சவங்க அந்த டம்ளரைத் தாங்களே கழுவி வைக்கணும், ஆம்பளை பொம்பளை எல்லாரும்." கடைசி வரியைச் சேர்க்காவிட்டால் கழுவுகிற வேலை எங்கள் பெண்கள் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாதா?

பாண்டியராஜ் நெளிந்தார். "ஊரான் வீட்டு டம்ளர்ல எப்பிடிம்மா வாய் வைக்க? கூச்சமா இருக்காதா?"

"கேரளா பார்டர் கடையில போயி புரோட்டா திங்கும்போது மேசையில இருந்த டம்ளர்ல யாரு வாய் வச்சாவன்னு விசாரிச்சியளா?"

"அது ஓட்டலு. யாருன்னு தெரியாது."

"அப்ப தெரிஞ்சாத்தான் கூச்சம். அப்பிடித்தான?"

போதகர் தலையைக் குனிந்துகொண்டு, "செய்யுங்கம்மா," என்றார். ஆட்டோ மறுபடியும் கிளம்பியது. சேதி கேட்டுத் தங்கசாமி அண்ணாச்சி மறுபடியும் கடைக்கு வந்தார். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கவில்லை. "ஊர் டம்ளரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "முதல்ல சொன்னதே நல்லாத்தான இருந்துச்சு," என்று கிளம்பிப் போனார்.

எந்த டம்ளர் யாருடையது என்று தெரிந்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும். எங்கள் ஊரில் பாதிப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீர், வளைகாப்பு, பால்காய்ப்பு, எல்லாவற்றிலும் பெயர். வெட்டாத வீடுகளுக்குக் கடையிலிருந்து மிஷினைக் கொண்டுபோய் இலவசமாக வெட்டிக் கொடுத்தேன். கடைசியாகக் கீழத்தெருவுக்குப் போனேன். சொக்கம்மாக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஆனால் மிஷினைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பேரு எதுக்கு? கீழ ஒரு புள்ளி வச்சா எங்க டம்ளர் எங்களுக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான்க்கா. உங்க இஷ்டம்."

அவள் ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"புள்ளி வேண்டாம், பேரையே வெட்டுங்க," என்றாள் கடைசியில். "பேரு இல்லன்னா தெரியாமக் குடிச்சிருவாவ. தெரியாமக் குடிச்சா எனக்கு என்ன வந்திச்சு? என் பேரு, எங்க தெருவு, ரெண்டையும் வெட்டுங்க. ஆனா ஒண்ணு. நான் முதப் பந்தியில உக்கார மாட்டேன். நின்னு பாப்பேன். பாத்துட்டு, எங்க தெரு இருக்கதா போறதான்னு சொல்லுதேன்."

வெட்டினேன். சொக்கம்மாள், கீழத்தெரு. எழுத்து கோணிவிட்டது.

அசனத்தன்று காலையிலிருந்து சாரல். பந்தலுக்கு உள்ளேயும் தூவானம் அடித்தது. கீழத்தெருவில் எல்லோரும் வந்திருந்தார்கள், ஆனால் ஒருவர்கூட உட்காரவில்லை. பந்தலின் ஓரத்தில் நின்றார்கள். முன்னால் சொக்கம்மாக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாதம் கேட்டு அழுத பிள்ளையை இடுப்பில் வைத்து ஒருத்தி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கசாமி அண்ணாச்சி சொன்னபடி முதல் பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார், கூட்டு, ரசம் எல்லாம் ஆயிற்று. தண்ணீரை எல்லோரும் அண்ணாந்து குடித்துச் சமாளித்துவிட்டார்கள். பாயசம் வேறு டம்ளர்களில் வந்தது. கொதிக்கக் கொதிக்க இருக்கிற சேமியாப் பாயசத்தை அண்ணாந்து குடிக்க ஒருவராலும் முடியாது. அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. "எனக்கு சுகரு", "எனக்கும் சுகரு" என்று ஐந்தாறு பேர் இலையை மடித்து எழுந்துவிட்டார்கள். அதில் ஒருத்தர் முந்தின நாள்தான் என் கண் முன்னால் அல்வாக் கடையில் நின்றவர். மற்றவர்கள் டம்ளரில் இருந்த பெயரைப் படித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே, "நான் உங்க வீட்டுல குடிக்கேன்" என்று எதிர்ப் பந்திக்குச் சத்தம் கொடுத்துவிட்டுக் குடித்தார்கள். பாண்டியராஜ் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரிக் குடித்தார். குடித்தார், அது போதும்.

அண்ணாச்சிக்கு ஊற்றியது நான். தற்செயலாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தட்டில் இருந்ததில் சொக்கம்மாள் பெயர் போட்டதை நான்தான் பார்த்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். அவர் வேண்டாம் என்று எழுந்துவிட்டால் அந்தத் தெரு அப்படியே திரும்பிப் போய்விடும், இந்த ஜென்மத்தில் வராது. எதற்காக இப்படிச் செய்தேன்? என் கோபம்தான் காரணம். நாற்று அழுகினால் சாக்கைத் தூக்கிக்கொண்டு வரத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியட்டும் என்கிற கோபம்.

அவர் டம்ளரைத் துண்டால் பிடித்துத் தூக்கினார். பெயரைப் படித்தார். தெருவையும் படித்தார். நிமிர்ந்து பந்தல் ஓரத்தைப் பார்த்தார். சொக்கம்மாக்கா கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி டம்ளரை மேலே தூக்கி அண்ணாந்தார். ஒரு சொட்டு உதட்டில் பட்டதும் சூடு தாங்காமல் இறக்கிவிட்டார். சட்டையில் பாயசம் வழிந்தது.

டம்ளரைக் கீழே வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வைக்கவில்லை. ஊதினார். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஊதினார். பிறகு விளிம்பில் வாய் வைத்து, நிறுத்தி நிறுத்தி, அடியில் கிடந்த சேமியா வரைக்கும் குடித்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பந்தி எழுந்தது. பின்பக்கம் பெரிய அண்டாக்களில் வெந்நீரும் நல்ல தண்ணீரும் வைத்திருந்தோம். ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள். தங்கசாமி அண்ணாச்சியும் நின்றார். சொக்கம்மாக்கா என் பின்னாலேயே வந்துவிட்டாள். அவர் முறை வந்து குனிந்து டம்ளரை வெந்நீரில் முக்கினதும், இவள் கை தன்னால் முன்னே போனது.

"குடுங்க மொதலாளி, நான் கழுவுதேன்."

அவர் நீட்டவும் செய்தார். பழக்கம், இரண்டு பேருக்கும். டம்ளர் பாதி வழியில் நின்றது. சொக்கம்மாக்கா தன் கையையே பார்த்தாள். மெள்ள அதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு புரிந்துகொண்டு, திரும்பக் குனிந்து, விரலை உள்ளே விட்டுத் தேய்த்து அலசி, கவிழ்த்து வைக்கப் போனார்.

"அடியில சேமியா ஒட்டியிருக்கு அண்ணாச்சி," என்றாள் சொக்கம்மாக்கா. "இன்னொரு மட்டம் அலசுங்க."

அவர் அலசினார். அவள் பந்தலைப் பார்த்துத் திரும்பி, தெருக்காரர்களை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.