அக்ராவுக்கு ஒரு பிடி சாம்பல்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11ஆம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்திற்கு, நாட்டின் வடக்கு எல்லையோர ஊரான லாவ்ராவின் சந்தைக்குப் பின்புறமுள்ள கொட்டகையில் சோளக்கள் காய்ச்சிக்கொண்டிருந்த பெர்பெத்துவா, தன் வீட்டில் ஒரு பெண் இறந்துவிட்டதை வானொலியில் கேட்டாள். அறிவிப்பாளர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தெற்கேயிருந்து வந்த மனிதர் அவர். விடுமுறை நாள் இனிதாகக் கழியட்டும் என்று வாழ்த்திவிட்டு ஓர் இசைப்பதிவை ஓடவிட்டார், அவ்வளவுதான். சொன்னது ஜீல். பதினெட்டு மரக்கட்டைகளும் அவற்றின் கீழ் தொங்கும் சுரைக்குடுவைகளுமாகிய அந்த வாத்தியம், ஆண் இறந்தால் ஒரு விதமாகவும் பெண் இறந்தால் வேறு விதமாகவும் தொடங்கும். காட்டில் விறகு பொறுக்குகிறவர்கள்கூட முதல் வீச்சிலேயே தெரிந்துகொண்டு சுமையை இறக்கிவிடுவார்கள். இது பெண்ணுக்கான தொடக்கம். வாசிப்பது அவள் கணவன் டாபுவோ. பாட்டும் அவர்கள் வீட்டுச் சாவுக்கென்றே உள்ளது, வாத்தியமும் அவர்கள் வீட்டு வாத்தியமே. குடுவைத் துளைகளில் ஒட்டுவதற்கான சிலந்திக்கூட்டின் மெல்லிய தோலைக் குதிரின் சுவரிலிருந்து உரித்துக் கொடுப்பவள் அவள்தான். கடைசிக்கு முந்தைய குடுவையில் அந்தத் தோல் ஓரம் கிழிந்து, தும்மல் வரப்போவதுபோல் ரீங்கரிப்பதை அவள் காது ஒருநாளும் தவறவிடாது.

வீட்டில் இருக்கும் பெண்கள் இருவர். ஒருத்தி தான். தான் இங்கே அகப்பையோடு நிற்பதால் அது மற்றவள்தான் என்று கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் அவள் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். மற்றவள் மருமகள் ஹெர்மினா. மகன் தெற்கே குமாசி நகரத்தில் லாரி ஓட்டுகிறான். இது அவளுக்கு முதல் சூல், எட்டு மாதம் முடிந்திருந்தது. அதற்கடுத்துப் பெர்பெத்துவா செய்ததை அவள் பின்னர் எவரிடமும் சொல்லவில்லை. கள் அடிப்பிடித்துவிடும் என்று அகப்பையால் மூன்று முறை கிண்டினாள். அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். பானையை மூடி, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்தியும் பார்த்தாள். பிறகுதான் ஓடினாள்.

வறண்ட காற்றின் புழுதியில் பாதை இருபதடிக்கு அப்பால் தெரியவில்லை. முதலில் ஒப்பாரி கேட்டது, பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். எரெமோன் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் கைகளைக் கோத்து அழுதபடி, அவள் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போன குளோத்தில்டா காலடி ஓசை கேட்டுத் திரும்பினாள். அலறிக்கொண்டு பாதையோரத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏ பெர்பெத்துவா! நீ எங்கடி நடந்து வர்ற?”

“என் வீட்டுக்கு. வேற எங்க நடக்கணும்?”

“உனக்காகத்தானடி அழுதுட்டு வர்றோம்! மூணு சோழி வேற எடுத்துட்டு வந்தேன் உன் பொணத்து முன்னால போட.”

“மூணுதானா?” என்று பெர்பெத்துவா கேட்டாள். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவளுக்குத் தோன்றியது ஹெர்மினா. இவர்களுக்குத் தோன்றியது அவள். இரு சாராரும் ஒரே இசையைத்தான் கேட்டிருந்தார்கள்.

முற்றத்தில் ஹெர்மினா, ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி, மாமியாருக்காக அழுதுகொண்டிருந்தாள். பெர்பெத்துவாவைக் கண்டதும் அவள் அழுகை நிற்கவில்லை, உரக்கக் கிளம்பியது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, தோள், முகம், வயிறு என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

“அம்மா, நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்களே!”

“நீ போயிட்டன்னு நான் ஓடியாரேன்.”

“அப்ப யாரும்மா?” என்றாள் ஹெர்மினா.

நண்பகலுக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு உட்காருவதா திரும்புவதா என்று தெரியவில்லை. சாவு வீட்டுக்கென்று கினிக்கோழி கொண்டுவந்தவர் அதைக் கொடுக்கவும் முடியாமல், எடுத்துப்போகவும் முடியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் பெக்குவோனே வந்துசேர்ந்தான். இவர்கள் குலத்தாரை எந்நேரமும் எள்ளுவதற்கு உரிமை பெற்ற குலம் அவனுடையது. பிணத்தருகே நின்றுகூட அவன் கேலி பேசலாம். ஏதேனும் கேடு மூண்டால் சாம்பல் எறிந்து அதைத் தணிக்க வேண்டியவனும் அவனே.

“பாருங்கய்யா, செத்தவளே வந்து கதவத் திறக்கிறா! கள்ளுல தண்ணி ஊத்தினவளுக்கு இங்க இடமில்லன்னு மேல இருக்கிறவங்க விரட்டிட்டாங்களா?”

“அங்க போனா ஒன் மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும்னாங்க. நானே திரும்பிட்டேன்,” என்றாள் பெர்பெத்துவா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோர் கண்களும் ஹெர்மினாவின் வயிற்றின்மேல் போயிருந்தன. பெண்ணுக்கான ஜீல் ஒரு வீட்டிலிருந்து ஒலித்துவிட்டால் வெறுங்கையோடு அது திரும்புவதில்லை என்பதை அங்கே வாய்விட்டுச் சொல்ல எவருக்கும் துணிவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

வானொலி நிலையத்துக்குப் போய் விசாரித்துவிட்டு டாபுவோ மாலையில் சைக்கிளில் வந்தார். அவருக்குப் பின்னால், வானொலி நிலையத்தில் இசைப்பதிவுகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் சபினா மோட்டார் சைக்கிளில் வந்து, முற்றத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய சாவு இசை கைப்பேசிகளின் வழியே ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது, எனவே யாருடையது எது என்று தனித்தனியே பதிந்துவைக்கிறோம் என்று ஆறு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சொல்லிவந்தவள் அவள். டாபுவோவிடம் போன மழைக்காலத்துக்கு முன் மூன்று பதிவுகள் எடுத்தாள்: இரண்டு ஆட்டத்துக்கு, ஒன்று சாவுக்கு. ஆட்டத்துக்கானவற்றின் பெயர்க்குறிப்பில் ‘ஆட்டம்’ என்றே எழுதினாள். மூன்றாவதில் டாபுவோவின் பெயரையும் தேதியையும் மட்டுமே எழுதினாள். எல்லோரும் உயிரோடிருக்கும் வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுத அவள் கை வரவில்லை. அவள் விடுப்பில் இருந்த சனிக்கிழமையன்று, தெற்கத்தி அறிவிப்பாளருக்கு அது நல்ல துள்ளலான இசையாகத் தோன்றியிருக்கிறது.

“எழுதியிருக்கணும்,” என்றாள் சபினா.

“எழுதியிருந்தா உன்ன நானே அடிச்சு விரட்டியிருப்பேன்,” என்றார் டாபுவோ. பிறகு, மண்ணுக்குரிய சடங்குகளைச் செய்யும் பெரியவர் சூமாவைப் பார்த்து, “சாவு விழாம சாவுப்பாட்ட வாசிக்கக் கூடாதுன்னு வீட்டுல வாசிக்கலய்யா. காட்டு மரத்தடியில வாசிச்சேன். ஒரு கட்டையக் குப்புறக் கவுத்து வச்சேன். அது முழுசா நம்ம பாட்டு இல்ல,” என்றார்.

திங்கட்கிழமை வரை வழக்கு நீண்டது. ஒரு கட்டை கவிழ்ந்திருந்தால் அது சாவு இசையாகாது, வெறும் மர ஓசைதான் என்றனர் சிலர். அந்த மர ஓசைக்கு நாங்கள் கண்ணீர் விட்டோமே, அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றாள் குளோத்தில்டா. வாசித்தபோதும் எவரும் சாகவில்லை, கேட்டபோதும் எவரும் சாகவில்லை. அப்படியானால் இசை எப்போது நிகழ்ந்தது என்று சூமா கேட்டார். பெர்பெத்துவாவின் தலைக்குள் எல்லாம் கலங்கிக் கிடந்தது. தான் அழப்பட்டவளா, அழுதவளா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அகப்பையின் அந்த மூன்று சுற்றுகள் மட்டும் தெளிவாக நினைவிலிருந்தன. திங்கட்கிழமை காலை கணவனிடம் தனியாகக் கேட்டாள்:

“வாசிக்கும்போது யாரை நெனச்சுக்கிட்ட?”

டாபுவோ தம் விரல்களைப் பார்த்தார். “கையப் பாத்துட்டு வாசிச்சேன்,” என்றார்.

சாம்பல் எறிந்துவிடலாம் என்று பெக்குவோனே எழுந்தபோது புதிய சிக்கல் முளைத்தது. எதன்மேல் எறிவது?

“அந்தப் பாட்டு இப்ப எங்கம்மா இருக்கு?” என்று சூமா சபினாவைக் கேட்டார்.

“நிலையத்துக் கம்ப்யூட்டர் பெட்டியில ஒண்ணு இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு தலைநகரம் அக்ராவுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன்.”

“ரெண்டுல எது நெசம்?”

“ரெண்டும் ஒண்ணுதான்யா.”

“ஒண்ணுலருந்து இன்னொண்ணு எடுத்துட்டா தேஞ்சு போகாதா?”

“போகாது.”

சூமா தம் கோலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தார். “பேசாம அழிச்சிடவா?” என்று சபினா மெல்லக் கேட்டாள். ஆறு ஆண்டு உழைப்பில் அப்படி அவள் சொன்னது அதுவே முதல் முறை. “அழிக்கக் கூடாது,” என்று சட்டென்று சொன்னவள் ஹெர்மினா. “அது இவங்களோடதா என்னோடதான்னு தெரியாது. யாரோடதுன்னு தெரியாம எதை அழிப்பீங்க?”

13ஆம் நாள், திங்கட்கிழமை, மாலை நான்கு மணிக்கு முடிவானவை வருமாறு. கவிழ்ந்த கட்டையை எல்லோர் முன்னிலையிலும் டாபுவோ நிமிர்த்தி வைக்க வேண்டும். அவர் அதை ஏறக்குறைய ஓராண்டாக மறந்திருந்தார் என்பதும், அதுவரை ஆட்டங்களுக்கெல்லாம் அப்படியே வாசித்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. ஜீலின்மேலும், இரு பெண்களின் பாதங்களிலும், நிலையத்துப் பெட்டியின்மேலும் பெக்குவோனே சாம்பல் எறிய வேண்டும். பதிவை அழிப்பதில்லை. அதன்மேல் எழுதவேண்டிய சொல்லைத் தெற்கத்தி அறிவிப்பாளர் எழுதுவார். வெளியூர்க்காரர் என்பதால் அவர் எழுதினால் குற்றமில்லை. கொண்டுவந்த கோழிகளை அவரவர் எடுத்துச் செல்லலாம். அக்ராவில் இருப்பதற்கும் சாம்பல் சேர வேண்டும். வியாழக்கிழமைப் பேருந்தில் சபினா கொண்டுபோவாள்.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பெக்குவோனே ஒரு பிடி சாம்பலைப் பால்மாவு டப்பாவில் போட்டுக் கொடுத்தான். சபினா வந்து எடுக்கும்வரை இருக்கட்டும் என்று பெர்பெத்துவா அதை வீட்டு வானொலிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பிறகு கையிலெடுத்து, காதருகே வைத்து ஒருமுறை குலுக்கினாள். உள்ளே எந்த ஓசையும் இல்லை.