விழட்டும்

"அப்பா, இன்னிக்கு எத்தனை தடவை விழுவீங்க?" என்று ஐந்து வயது மகள் கேட்டாள், குடை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பது போல. கண்ணாடிக் கடைக்காரர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் விழுந்தார். அன்றைக்கு அது ஏழாவது.

முதல் தடவை அவர் விழுந்தது, ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைப் படி இறங்கியபோது. மனைவியின் தம்பி அதைப் படம் பிடித்து, பார்ப்பவர்களே கதையை நடத்தும் அந்தப் புது வலைத்தளத்தில் போட்டான். படத்தின் கீழே ‘விழட்டும்’ என்று பெரிய சிவப்புப் பொத்தான் முளைத்தது. எங்கோ ஒருவர் அதை அமுக்கினால் இங்கே இவர் விழுந்தார். குளியலறையில் விழுந்தார், வங்கி வரிசையில் விழுந்தார், மாமனாரின் சாவு வீட்டிலும் விழுந்தார். மூன்று வருடத்தில் முன்பல் இரண்டும் இடது மணிக்கட்டும் போயின. விழுகிறவரிடம் கண்ணாடி வேலையை யார் கொடுப்பார்கள்? பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள், "ஐயோ பாவம்" என்றார்கள், உள்ளே போய் அமுக்கினார்கள். நிறுவனத்துக்கு எழுதிய பதினோரு கடிதங்களுக்கும் ஒரே பதில்தான்: உங்கள் கதை மிகவும் விரும்பப்படுகிறது.

மனைவி கணவனையும் இழுத்துக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சும்மா ஜாலிக்குத்தானேக்கா. ஊரே அமுக்குது. நான் ஒருத்தன் நிறுத்திட்டா நின்னுடுமா?"

"ஊரே கிணத்துல தள்ளுனா நீயும் சேர்ந்து தள்ளுவியோ? மாமான்னு கூப்பிட்ட வாயாடா இது!"

அவள் பக்கத்தில் கணவர் விழுந்தார். தம்பி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

சிவப்புப் பொத்தானுக்கு அடியில், எறும்பு அளவில், சாம்பல் நிறத்தில் ‘பிடி’ என்று இன்னொன்றும் இருந்தது. அதை அமுக்க ஒரு நிமிட விளம்பரத்தை முழுதாகப் பார்க்க வேண்டும்; விழுகிறவரின் வீட்டார் அமுக்கினால் செல்லாது. கோடிப் பேரில் ஒருவருக்கும் அந்த ஒரு நிமிடம் இருக்கவில்லை. தினமும் அரைமணி நேரம் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடுகிறவர்களுக்கும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாலையைக் கடக்கும்போது, வந்துகொண்டிருந்த லாரிக்கு முன்னால் அவர் கால் மடங்கியது. முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்து தாங்கியது. திரும்பினால் யாருமில்லை. உள்ளங்கை மட்டும் தெரிந்தது அவருக்கு: பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்த கை, ஈரம் காயாதது. மனைவி போனைப் பார்த்தாள். ‘பிடி’க்குப் பக்கத்தில் பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று.

அந்தக் கை அதற்குப் பிறகும் வந்தது. பத்துக்கு மூன்று தடவை. அந்த மூன்றை நம்பி அவர் மறுபடி சின்னச் சின்னக் கண்ணாடிகளைத் தூக்கினார். நன்றி சொல்ல முகவரிதான் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் பாதி உலகம் வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டது. எங்கோ ஒரு பள்ளி ஆசிரியை. மேடையில் ஒரு நிமிடம் பேச்சு மறந்து நின்றவள். அவளுக்கு ‘ஊமையாகட்டும்’. அமுக்க அமுக்க வகுப்பின் நடுவிலேயே அவள் குரல் போனது.

மதியம், கடையில் ஆளில்லாத நேரத்தில், அவர் அவளுடைய சாம்பல் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தார். சிமெண்ட் விளம்பரம் ஓடியது. நடுவில் அவர் விழுந்தார். எழுந்து, நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, விளம்பரத்தை முதலிலிருந்து பார்த்தார்.