இடப்பக்கத் தையல்

கணவனின் இடுப்பைச் சுற்றி டேப்பை வளைத்தபோதே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. சுற்றளவைக் குறித்துக்கொண்டு, முதுகுத்தண்டிலிருந்து முன்பொத்தான் வரை வலப்பக்கம் தனியாகவும் இடப்பக்கம் தனியாகவும் அளந்தாள். வலது பதினெட்டு. இடது பத்தொன்பதரை.

“ஒரு சட்டைக்கு எத்தனை தடவை அளப்ப?”

“கையத் தூக்குங்க.”

“தூக்கிட்டுத்தான நிக்கிறேன், திருடன் மாட்டுன மாதிரி.”

மூன்றாவது முறையும் அதே எண்தான் வந்தது. அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையல் மெஷினருகே போய் உட்கார்ந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. கம்பெனி கொடுத்த புதுச் சீருடைத் துணி மேஜையில் கிடந்தது. அவன் லிப்ட் ஆய்வாளன். நோய் வந்த நாளிலிருந்து அவனை மேசை வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். கூட வேலை செய்கிறவர்கள் ‘மாத்திரை’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஏழு வருஷம் கழித்து, வருகிற திங்கட்கிழமை முதல் மறுபடியும் லிப்ட் குழிக்குள் இறங்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அதற்குத்தான் இந்தச் சட்டை.

ஏழு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் ஆரம்பித்தது. சட்டை இடப்பக்கம் பிடிக்கிறது என்றான். தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் மறுபடி பிடித்தது. மறுபடி விட்டுக் கொடுத்தாள். “உங்க தொப்பைகூட இடதுசாரி ஆயிடுச்சு போல” என்று கேலி பேசினாள். அவனும் சிரித்தான். கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனையில் ரத்தத்தைப் பார்த்தவர்கள்தான் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா அவனைப் படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்த்தார்.

“மண்ணீரல் வீங்கியிருக்கு. எத்தனை மாசமா இருக்கும்னு சொல்ல முடியல.”

அவளால் சொல்ல முடிந்திருக்கும். அளவு நோட்டில் தேதி இருந்தது. ஆறு மாதம். ஆளைக் கவனிக்காமல் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த ஆறு மாதம். அதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு என்றும், இது மெதுவாக நகரும் வகை என்றும் டாக்டரம்மா விளக்கினார். எலும்புக்குள் வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. தினம் ஒரு மாத்திரை அதை அடக்கி வைக்கும். அவள் அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். ஆர்டரே இல்லாமல் தைத்துக் குவிக்கும் மெஷின். மாத்திரை, மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறது. மோட்டார் சுவிட்ச் மட்டும் அணைவதே இல்லை.

அவனும் தன் தொழில் வழியில்தான் புரிந்துகொண்டான். ஆனால் என்ன புரிந்துகொண்டான் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

மாத்திரை வேலை செய்தது. கண்ணிமை வீங்கியது, கெண்டைக்கால் இழுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, ஆனால் ஆள் இருந்தான். முதல் மாதம் வந்து கட்டிப்பிடித்து அழுத நாத்தனார், மூன்றாம் வருஷம் சோபாவில் சாய்ந்துகொண்டு, “சக்கரைக்காரங்க தினம் ஊசியே குத்திக்கிறாங்க. என் தம்பிக்கு ஒத்த மாத்திரை. இதுக்குப் போயி கேன்சர்னு பெரிய பேரு” என்றாள். சாகாத நோயாளிக்கு வருகிற மரியாதை அவ்வளவுதான். வீட்டில் தண்ணீர்க் குடத்தை அவன் தூக்கவில்லை என்றால் ‘சாக்கு’ என்ற சொல் எங்காவது ஒரு மூலையில் நின்றது. அவள் வாயிலும் ஓரிரு முறை வந்திருக்கிறது.

அப்புறம் நோயின் சுவடே இல்லை என்று ஒரு ரிப்போர்ட் வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும்.

அவள் மெஷினருகிலிருந்து எழுந்தாள்.

“கடைசியா ரத்தம் கொடுத்தது எப்ப?”

“போன மாசம்.”

“ரிப்போர்ட் எங்க?”

“ஆபீஸ்ல இருக்கும்.”

“மாத்திரை?”

“காலையில உன் முன்னாடிதான பிரிச்சேன்.”

பிரித்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். விழுங்கியதைப் பார்த்ததில்லை. சுவரோரம் கிடந்த அவனுடைய கருவிப் பையை இழுத்துக் கவிழ்த்தாள். ஸ்பேனர்கள், டார்ச், துடைக்கிற துணி, பழைய கிரீஸ் டப்பா ஒன்று. டப்பா கலகலத்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே டப்பா நிறைய மாத்திரைகள்.

கழற்றிய பாகத்தை அவன் எப்போதும் தூக்கிப் போடமாட்டான். ஸ்பேர் என்று எடுத்து வைப்பான்.

“எத்தனை நாளா?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். இடப்பக்கம் துணி விறைத்து நின்றது.

“பத்து மாசம்.”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“மூணு ரிப்போர்ட் சுத்தம். எங்க கம்பெனியில ஒரு லிப்ட் தொடர்ந்து மூணு தடவை சுத்தமா வந்தா மாசப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும்.”

“நீங்க லிப்டா?”

“லிப்டா இருந்தாத் தேவலை. ஓட விடுவாங்க. ஏழு வருஷமா ஓரமா நிறுத்தி ‘பழுது’ன்னு அட்டை மாட்டி வெச்சிருக்கீங்க. நிறுத்தின ரெண்டாம் வாரமே காலு இழுக்கல தெரியுமா? ஏழு மாடி ஏறினேன். வந்து உன்கிட்ட சொல்லணும்போல இருந்துச்சு.”

“சொல்லியிருக்கணும். பத்து மாசம் என் கண்ணு முன்னாடி நாடகம் ஆடியிருக்கீங்க. கூட இருக்கிறவகிட்ட உடம்பைப் பத்திப் பொய் சொல்ற ஆளை நான் என்னன்னு நினைக்கிறது?”

அவன் மெஷின் மேலிருந்த அளவு நோட்டுகளைப் பார்த்தான்.

“அடியில இருக்கு பாரு, பச்சை அட்டை நோட்டு. என் பேருக்கு நேரா ரெண்டு தேதி. ‘இடது அரை’, ‘இடது அரை’. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த முதல் வாரமே பாத்துட்டேன். நீ சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

அவள் கையிலிருந்த டப்பா கனத்தது. ஏழு வருஷம் தான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்தது, எதிரில் சாப்பிட்டுக்கொண்டும் பத்திரிகை படித்துக்கொண்டும் இருந்தவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வேறென்ன.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்து முடிக்கும்வரை யாரையும் பார்க்கவில்லை.

“நிறுத்தணும்னு ஆசையா இருந்தா கேட்டிருக்கலாமே. சில பேருக்கு நாங்களே நிறுத்திப் பாக்கிறோம். மாசாமாசம் ரத்தம் பாத்துக்கிட்டே, திரும்பி வந்தா உடனே மாத்திரையைத் தொடங்குவோம். நீங்க பாக்காம விட்டுட்டீங்க. அதுதான் இப்ப இவ்வளவு தூரம் வந்திருக்கு.”

“மறுபடி போட்டா அடங்கிடுமா?” என்றான் அவன்.

“அடங்கலாம். ஆனா முதிராத, இளசான அணுக்கள் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது, அது நல்லதில்ல. பழைய மாத்திரை எடுபடுமான்னு இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். அதுவரைக்கும் பழையதையே தொடங்குங்க. எடுபடலைன்னா வேற மருந்து. மூணு மாசம் பாக்கணும். குழியில இறங்கற வேலை எல்லாம் இப்ப வேண்டாம்.” பேனாவை எடுத்தார். “வீக்கம் எப்பலேர்ந்து?”

அவள் கைப்பையிலிருந்து இரண்டு நோட்டுகளையும் எடுத்து மேசையில் விரித்தாள். “இது இப்ப. இடப்பக்கம் ஏப்ரல்ல பதினெட்டரை, இப்ப பத்தொன்பதரை. ஏப்ரல்ல சட்டை பிடிக்குதுன்னப்ப துணி சுருங்கியிருக்கும்னு நினைச்சேன். இது அப்ப. முதல் தடவை. ஆறு மாசம் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. அந்த ஆறு மாசத்துல எவ்வளவு கெட்டுப்போச்சு?”

டாக்டரம்மா பச்சை நோட்டைப் புரட்டிவிட்டு மூடினார்.

“அதுல ஒண்ணும் பெரிசா கெடலம்மா. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் இதே மாத்திரைதான், இதே பலன்தான். இப்ப விட்ட பத்து மாசம்தான் எனக்குக் கவலை.”

ஏழு வருஷத்துக் குற்றத்தை அந்த அம்மாள் ஒரு நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிட்டார். அவளுக்குப் பாரம் இறங்கவில்லை. இதுவரை பழியில் பாதி அவளுடையதாக இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் அவனை மன்னித்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டிருந்தாள். இப்போது மொத்தமும் அவனுடையது. பக்கத்து நாற்காலியில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் வந்த கோபம் அன்றைக்குத்தான் முழுசாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

“நாக்கைக் காட்டுங்க.”

“சின்னப் பிள்ளையா நான்?”

“காட்டுங்க.”

காட்டினான். அவள் பார்த்துவிட்டு மெஷினுக்குப் போனாள்.

“சட்டைய என்ன பண்ணப்போற? திங்கட்கிழமைதான் போகலையே.”

“மேசைக்கும் அதே சீருடைதான.”

“எந்த அளவுக்குத் தைப்ப?”

அவள் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். வலது பதினெட்டு. இடது பத்தொன்பதரை. வெட்டும்போது இடப்பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலத் துணியைக் கூடுதலாக விட்டு மடித்தாள். மூன்று மாதம் கழித்து அதைப் பிரித்து விட வேண்டியிருக்குமா, இன்னும் உள்ளே பிடிக்க வேண்டியிருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நோட்டில் தேதி போட்டு இரண்டு எண்களையும் எழுதி, அவன் பார்க்கும்படி மேஜைமேல் திறந்தே வைத்தாள்.