வேரில் பிடித்த தீ

காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது என்று நுழைவாயிலிலேயே பெரிய பலகை வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். எட்டுப் பேரும் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள்.

பிப்ரவரி பிறந்தால் எரிமலை அடிவாரத்து ஓடைக்கரையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவது அவர்கள் வழக்கம். அன்று சாயங்காலம் கேப்டன் நிபால்தோ எட்டு ட்ரவுட் மீன்களோடு கரையேறினார். வந்த கையோடு எரிமலைக் கற்களை வட்டமாக அடுக்க ஆரம்பித்தார்.

"கேப்டன், வேணாமே. கேஸ் அடுப்புதான் இருக்கே?" என்றாள் மிரேயா. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை அவளுக்கு. படைக்கு வந்து ஆறு வருஷம்.

"அதுல சுட்டா மீனாட்டமாவா இருக்கும்? நமக்கு அணைக்கத் தெரியாத தீயா இது?"

"ஸ்கூல் புள்ளைங்கள மிரட்டற மாதிரி கேப்டனையே மிரட்டறா பாரு" என்றான் எலியாசர். எல்லோரும் சிரித்தார்கள். மிரேயாவும் சிரித்தாள். மீன் வெந்ததும் அவளும் தட்டை நீட்டினாள். ருசியாகத்தான் இருந்தது. இருட்டுவதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்கள்.

விடிந்ததும் கருகல் வாடை அவளை எழுப்பியது. கல்லடுப்பு ஜில்லென்று கிடந்தது. ஆனால் பத்தடி தள்ளி ஒரு பெரிய மரத்தடியில், தரையிலிருந்து நூல் போலப் புகை வந்துகொண்டிருந்தது. அங்கே மண் என்பதே எரிமலை துப்பிய பொடிக்கல்தான். ஊற்றிய தண்ணீரெல்லாம் சல்லடையில் விட்டது போல வடிந்திருந்தது. வேரைப் பற்றிய கனல் உள்ளுக்குள்ளேயே நகர்ந்துவிட்டது.

இருந்தது ஒரே மண்வெட்டி. மாற்றி மாற்றித் தோண்டினார்கள். மற்றவர்கள் வாளியிலும் சட்டியிலும் தண்ணீர் மொண்டு வந்தார்கள். பத்து மணிக்கு ஓர் இடத்தில் அடங்கியது; பதினோரு மணிக்கு வேறு இரண்டு இடங்களில் கிளம்பியது. காற்றும் எழும்பியது.

"நான் வனக்காவலர்கிட்ட போறேன்" என்றாள் மிரேயா.

நிபால்தோ மண்வெட்டியை நட்டு நிறுத்தினார். "பைத்தியமா உனக்கு? தீயணைப்புக்காரனே காட்டைக் கொளுத்தினான்னு ஊரே காறித் துப்பும். சாயங்காலத்துக்குள்ள நாமளே முடிச்சிடலாம்."

"முடியாது கேப்டன். உங்களுக்கே தெரியும்."

"முப்பது வருஷம் மிரேயா. ஒரு மீனுக்காக அத்தனையும் போயிடும்."

அவள் எலியாசரைப் பார்த்தாள். அவன் வாளியைப் பார்த்தான்.

"நீ போனா, திரும்ப ஃபயர் ஸ்டேஷன் பக்கம் வராதே" என்றார் நிபால்தோ.

அவள் போனாள். காவலர் குடிசைக்கு ஒரு மணி நேர நடை. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மரங்களுக்கு மேல் புகை தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. நேற்றே தட்டைத் தள்ளி வைத்திருந்தால் இன்று இந்த நடை சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மிச்ச தூரத்தை ஓடினாள்.

பம்பும் குழாயும் வந்து சேர்ந்து, கனலை முழுக்க அணைக்க இரண்டு நாள் பிடித்தது. வேர் வெந்துபோன மூன்று பெரிய மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டியதாயிற்று.

"யார் மூட்டினது?" என்று காவலர் கேட்டார்.

"நாங்கதான். எல்லாரும் சாப்பிட்டோம்" என்றாள் மிரேயா.

நிபால்தோ அவளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகமெல்லாம் கரி. "அவ வேணாம்னு சொன்னா. மூட்டினது நான். என் பேரை எழுதுங்க."

அந்த மாதமே அவர் கேப்டன் பொறுப்பிலிருந்து விலகினார். மிரேயாவைப் படையை விட்டு யாரும் போகச் சொல்லவில்லை. எங்காவது தீ என்று சங்கு ஊதினால் இன்றும் ஓடுகிறாள். வண்டியில் இடம் விடுகிறார்கள், ஆனால் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒருநாள் ரொட்டிக் கடையில் நிபால்தோ எதிரே வந்தார். அவள் வணக்கம் சொன்னாள். அவர் தலையை அசைத்தார். ரொட்டி வாங்காமலே வெளியேறினார்.