படகில்லாத மோட்டார்

செங்கமலம் பறைக்காரர்களைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, ஒப்பாரியை நடுவில் பிளந்துகொண்டு உள்ளே வந்து, "மோட்டார் எங்க கீது?" என்று கேட்டபோது, நிலவன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, அப்பாவின் கால் கட்டைவிரல்களில் தளர்ந்திருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

அழுகை நின்றது. பிள்ளைப்பாக்கத்தில் எந்தச் சாவு வீட்டிலும் அவ்வளவு சுத்தமான அமைதி விழுந்ததில்லை. ஐஸ் பெட்டியே ஒரு மூச்சு உறுமலை நிறுத்தியது போலிருந்தது.

"யாரும்மா நீ?" என்றார் நிலவனின் தாய்மாமன் சண்முகசுந்தரம்.

"பழவேற்காடுங்க. மோட்டார விக்கறேன்னு சின்னப்பையன்றவரு வர சொன்னாரு. ஓட வெச்சித் தரேன்னு நேத்துதான் ஃபோன்ல சொன்னாரு." அப்போதுதான் அவள் பெட்டிக்குள் பார்த்தாள். கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். "அய்யய்யோ. இவரா?"

"அவரேதான். இப்ப ரெண்டு பேருமே ஓடல," என்றார் மாமா.

சின்னப்பையன் மோட்டார் வாங்கிய கதை ஊருக்கே தெரியும். அந்தப் பெரிய வெள்ளத்தில் தெருவே ஏரியாகி, மொட்டைமாடியில் பாதி ஊரும் ஊரின் எல்லா ஆடுகளும் ஏறி நின்றபோது, மீட்க வந்த படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் மாடியில் இருந்தவர்களுக்குத் தாடி முளைத்துவிட்டது. பெண்கள் உட்பட என்பார் மாமா. தண்ணீர் வடிந்ததும், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வுபெற்ற சின்னப்பையன், பென்னலூர் காயலாங்கடையில் பழைய ஜப்பான் படகு மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். படகு பிறகு வாங்குவதாகத் திட்டம். "கல்யாணத்துக்கு முன்னாடியே தொட்டில் வாங்கின மனுசன்" என்று மாமா சொல்லாத விசேஷம் கிடையாது.

அந்த மோட்டார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடவில்லை. சின்னப்பையன் அதைக் கொல்லையில் நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் மாட்டி, தண்ணீர் நிரப்பி, தினமும் கயிற்றை இழுத்தார். இழுத்த கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டிருந்தால் ஒரகடத்தில் ஒரு முனை, அந்தமானில் ஒரு முனை. பைக் மெக்கானிக் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான், கடைசியில் "காயில் போச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டான். சின்னப்பையன் நம்பவில்லை. நேற்றுச் சாயங்காலமும் இழுத்தார். இழுத்துவிட்டு டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நேற்று மத்தியானம் மகனுக்கு ஃபோன் செய்திருந்தார். "நாளிக்கு பார்ட்டி வராங்கடா. ஓடாதத ஓடும்னு விக்கக் கூடாதில்ல. சாயந்தரம் வந்து நாலு இழு இழுத்துக் குடு. உனுக்குத் தோள்ல பலம் கீது."

"ஓ.டி. கீதுப்பா," என்றான் நிலவன்.

ஓவர்டைமெல்லாம் எதுவும் இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த ஃபோன் வந்தது, அம்மாவிடமிருந்து. நேற்றுப் போட்ட கம்பெனி பேண்டை இன்னும் கழற்றவில்லை. இப்போது மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது பைக் சாவியும் அதன் சிவப்புச் சுருள் ஒயரும் கூடவே வெளியே வந்தன. திரும்ப உள்ளே திணித்தான்.

"நான் இன்னொரு நாள் வரேன்," என்று செங்கமலம் பையை எடுத்தாள்.

"இல்ல." பெட்டியின் தலைமாட்டில் இருந்த நிலவனின் அம்மா ராஜம்மா கையை நீட்டித் தடுத்தாள். "இட்டுனு போயி காட்டு நிலவா. அவரு போறதுக்கு முன்ன அந்தச் சனியன் இந்த வூட்ட வுட்டுப் போவணும். அதான் அவர முழுங்கிச்சி. சும்மாவே குடுத்துடு."

"சும்மா வேணாங்க. பாத்துட்டு, இன்னா நியாயமோ அத்தக் குடுத்துட்டு எடுத்துக்கறேன்."

கொல்லையில் டிரம் அப்படியே இருந்தது. ஆனால் அதிலிருந்த தண்ணீர் இப்போது அப்பாவைக் குளிப்பாட்ட நிரப்பியது. மோட்டாரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். செங்கமலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படித் துருவமாட்டாள். தண்ணீரைத் தள்ளும் விசிறியைப் பிடித்து ஆட்டினாள். அடியிலிருந்த திருகை நெகிழ்த்தி, கசிந்த ஆயிலை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தண்ணி பூந்திருந்தா மோர் மாதிரி இருக்கும். இது சுத்தமா கீது."

பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்து, மறுகையால் கயிற்றை மெல்ல இழுத்தாள். உள்ளிருந்து காற்று அவள் விரலைத் தள்ளியது.

"நல்லா மூச்சு வுடுது. நம்மள விட நல்லாவே."

"மச்சான் பட்டினி போடல. அவருக்கு டீ வந்துச்சோ இல்லியோ, இதுக்கு ஆயில் வந்துடும்," என்றார் மாமா. பின்கதவில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டு, உடனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செங்கமலம் மோட்டாரின் முன்பக்கம் குனிந்தாள். சிவப்புப் பொத்தான் ஒன்றைச் சுற்றி விரலால் தடவினாள்.

"இதுல மாட்ற கிளிப்பு எங்க?"

"இன்னா கிளிப்பு?" என்றார் மாமா.

"செவப்பா சுருள் ஒயர் இருக்குமே. ஒரு முனை இங்க, இன்னொரு முனை ஓட்றவன் கையில. ஆள் தண்ணில வுழுந்தா அது புடுங்கிக்கும், மோட்டார் நின்னுடும். அது இல்லாம இழுத்தா ஆயுசுக்கும் இழுக்க வேண்டிதுதான்."

நிலவனுக்குக் காயலாங்கடை ஞாபகம் வந்தது. கடைக்காரர் அந்தச் சுருளை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஒரே இழுப்பில் மோட்டாரை ஓட்டிக் காட்டினார். அப்பா குழந்தைபோலக் கை தட்டினார். வண்டியில் ஏற்றும்போது சுருள் கீழே விழுந்தது. அழகாக இருந்தது. நிலவன் எடுத்து அதில் பைக் சாவியைக் கோத்துக்கொண்டான். கம்பெனி அசெம்பிளி லைனில் எல்லோரும் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். அந்த லைனில் அவன் குவாலிட்டி செக்கர். ஒரு கிளிப் குறைந்தாலும் சிவப்பு விளக்கைப் போட்டு மொத்த லைனையும் நிறுத்துகிற ஆள்.

"தெரியாதுங்க," என்றான்.

"அப்ப இது இரும்பு வெலதாம்பா. ஓட வெச்சிப் பாக்காம நான் எப்டி எடுக்கறது?"

"இரும்புக்கே போட்டுடு," என்றார் மாமா. "மச்சான் கடைசி வரிக்கும் பொணத்தத்தான் இழுத்துனு இருந்தாருனு நெனச்சிக்கறோம்."

பின்கதவில் மறுபடியும் சிரிப்பு. இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை.

நிலவன் பேண்ட் பையில் கையை விட்டான். சாவியைச் சுருளிலிருந்து பிரித்து, சுருளை நீட்டினான். செங்கமலம் வாங்கினாள்; அவன் முகத்தைப் பார்த்தாள். மாமா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மோட்டாரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

மோட்டாரைத் தூக்கி டிரம்மில் மாட்டினார்கள். பிளக்கை முடுக்கினாள். கிளிப்பைச் செருகிச் சுருளை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இழுத்தாள்.

ஒரே இழு.

ஏரிக்கரைக் கொக்கெல்லாம் மண்ணூர் வரை பறந்திருக்கும். டிரம் நடுங்கியது, தண்ணீர் சுவரில் அறைந்தது, நீலப்புகை கொல்லையை மூடியது. வாசலில் பறை நின்றுவிட்டது.

ராஜம்மா பின்கதவில் வந்து நின்றாள். மோட்டாரைப் பார்த்தாள். செங்கமலத்தின் மணிக்கட்டிலிருந்த சிவப்புச் சுருளைப் பார்த்தாள். துவைக்கும் ஒவ்வொரு தடவையும் மகனின் பேண்ட் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டி வைத்தவள் அவள்தான்.

"நிறுத்திடட்டாம்மா?" என்று செங்கமலம் கத்தினாள்.

"ஓடட்டும்."

ஓடியது. புகையில் எல்லோருடைய கண்ணிலும் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ராஜம்மாவே வந்து கிளிப்பைப் பிடுங்கினாள். சத்தம் அறுந்தது. அவள் அதைச் செங்கமலத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"மறக்காம எடுத்துனு போ."

டிரம் தண்ணீரில் எண்ணெய் வானவில்லாக மிதந்தது. வேறு தண்ணீர் பிடிக்கலாமா என்று குளிப்பாட்டுகிறவர் கேட்டார்.

"இதையே ஊத்துங்க," என்றாள் ராஜம்மா. "அவருக்கு இந்த வாசனை புடிக்கும்."

அப்பாவைக் கொல்லைக்குத் தூக்கி வந்தார்கள். முதல் குடம் மகன் ஊற்ற வேண்டும். நிலவன் சட்டையையும் பேண்டையும் கழற்றி, தலையில் தண்ணீரை வாங்கிக்கொண்டு, கொடுத்த வேட்டியைச் சுற்றிக்கொண்டான். சுருள் இல்லாத பைக் சாவி கையிலேயே இருந்தது.

"ரெண்டு கையாலயும் புடிப்பா," என்று குடத்தை நீட்டினார் குளிப்பாட்டுகிறவர்.

ஈர வேட்டியில் பை இல்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவன் சுற்றிப் பார்த்தான்.