முனியாண்டி வளைவில் வீட்டு லொறி

லயத்து வரிசை வீட்டின் ஒரே காம்பராவில், ஒற்றை அறைக்குள், இரண்டு குடும்பம் இருப்பது தேயிலைத் தோட்டத்தில் புதினமில்லை. சண்முகவடிவு அதை வாய்விட்டுச் சொன்னதுதான் புதினம். வட்டகொடையிலிருந்து கல்யாணமாகி வந்த பெண், வந்த இடத்தில் பாய் விரிக்க இடம் எங்கே என்று கேட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டாள்.

காம்பராவின் நடுவில் ஒரு பழைய சேலை தொங்கியது. அந்தப் பக்கம் புருஷனின் அண்ணன் அழகுமுத்து, அவர் பெண்சாதி ராசம்மா, பிள்ளைகள். இந்தப் பக்கம் கந்தப்பனும் வடிவும். கந்தப்பன் லேசாக இருமினால் போதும், "சுக்குத் தண்ணி வைக்கவா தம்பி?" என்று சேலைக்கு அப்பாலிருந்து குரல் வரும். இரண்டு பேரும் கிசுகிசுத்தால் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து, "என்ன சித்தப்பா, என்ன சொன்னீங்க?" என்று கேட்கும். ராசம்மா தங்கமானவள்தான். தங்கமானவளாக இருந்து என்ன செய்ய, சேலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே. புதுப்பெண்டாட்டியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் கந்தப்பன் அவளைத் தேயிலை மலைக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கே அட்டை கடித்தது.

கந்தப்பன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் பேக்டரி லொறியின் டிரைவர். அவனுக்கென்று சொந்தமாக ஒரே ஒரு பொருள் உண்டு. அது பேக்டரிக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து லொறி அது. முன்பு தோட்டத்தை நடத்திய ஸ்டுவர்ட் தொரை அதன் முதுகில் தச்சனை வைத்துப் பலகை வீடு ஒன்று கட்டி, லீவு கிடைத்தபோதெல்லாம் மன்னாருக்கும் திருகோணமலைக்கும் போய் வந்தார். ஓட்டியவன் கந்தப்பன். தொரை சீமைக்குக் கப்பலேறியபோது, "நீதான் இதை நல்லாப் பாத்தது, நீயே வச்சுக்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டு லொறியை வைத்துக்கொண்டு ஒரு கொழுந்து லொறி டிரைவர் என்ன செய்வான்? தார்ப்பாய் போட்டு மூடினான்.

வடிவு ஒரு நாள் அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கம் மரப்படி, படிக்கு மேலே கதவு. உள்ளே மடிக்கிற கட்டில், கம்பி வலை அடித்த ஜன்னல், கூரைத் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு குழாய், மண்ணெண்ணெய் ஸ்டவ். அவள் அதையெல்லாம் பார்த்தாள்தான். ஆனால் கதவின் உட்பக்கம் இருந்த பித்தளைக் கொண்டியைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்து போனது. கொண்டியை மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். வெளியே கந்தப்பன் நின்று, "உள்ள என்னா புள்ள பண்ற?" என்று கேட்டான். அவள் கொண்டியை இன்னொரு தரம் மாட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

அடுத்த நாள், ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்புகிற காலைப் பெரட்டில், எல்லாரையும் மலைக்குப் பிரித்துவிட்ட பிறகு, அவளே புதுத் தொரையின் முன்னால் போய் நின்றாள்.

"காம்பரா இல்லைன்னா பரவால்லைங்க தொரை. நாங்க அந்த லொறியிலயே இருந்துக்கிறோம்."

தொரை சிரித்தார். பொல்லாத மனிதர் இல்லை, ஆனால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். லொறி நின்ற இடத்தில் விறகுக் கொட்டகை போடப் போகிறார்கள். தோட்டத்தின் மேல் டிவிசனில், மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் பக்கத்தில் சமதரை இருக்கிறது, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மேலே போகிற பாதை ஒரு லொறிக்குத்தான் அகலம்.

"லொறின்னா ஓடணும்," என்றார் தொரை. "அடுத்த ஞாயித்துக்கிழமை ஓட்டிக்கிட்டு வா. நான் மேலே நிக்கிறது. நடுவழியிலே நின்னா ரோட்டை அடைக்கும். அப்புறம் பேச்சு இல்லே, ஹட்டன் பழைய இரும்புக் கடைதான்."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வேறு நினைப்பில்லை. வேலை விட்டதும் லொறியிடம் ஓடுவார்கள். கூரை ஒழுகிய இடத்தில், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை மடித்து வைத்து, அதன் மேல் தார் பூசினார்கள். உளுத்த சுவரைப் பிரித்துவிட்டுப் பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை அடித்தார்கள். பலகையில் தோட்டத்தின் பெயர் தலைகீழாக நின்றது. வீடு எந்தத் தோட்டத்துக்குச் சொந்தம் என்று கேட்கிறவர்கள் தலையைக் கீழே போட்டு வாசித்துக்கொள்ளட்டும் என்றான் கந்தப்பன். ஸ்டவ் எரியாமல் புகைந்தது. அதன் நடுத்துளையை வடிவு ஊசியால் குத்தினாள். பூப்போல நீலமாக எரிந்தது. என்ஜினுக்குக் கை கொடுக்க, பேக்டரி மெஷின்களைப் பார்க்கிற பிட்டர் கஸ்பர் வந்தார். பிளக் மாற்றி, பெல்ட் மாற்றி, முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் லொறி கனைத்துக்கொண்டு எழுந்தது. பேக்டரி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

நடுவில் ஆயுத பூசை வந்தது. பேக்டரியில் கொழுந்து அரைக்கிற உருளைக்கும் பொட்டு, அடுப்புக்கும் பொட்டு. வடிவு தன் லொறிக்கு மட்டும் குறை வைப்பாளா? மஞ்சள் தண்ணீரில் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங், டயர், விளக்கு என்று ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். டிரைவர் கதவுக்குக் கீழே, மழை படாத பள்ளத்தில், பெட்ரோல் தாங்கியின் பித்தளை மூடி இருந்தது. வட்டமாக, முகம் மாதிரி மினுங்கியது. அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அழகான பொட்டு, நட்டநடுவில்.

பூசை முடிந்த மறுநாள் லொறியை மேல் ரோட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். பாதிவழியில் முனியாண்டி வளைவு. ஒரு மரம், அடியில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் சூலம். சரியாக அந்த இடத்தில் என்ஜின் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

கந்தப்பன் இறங்கினான். மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான், பெட்ரோல் இருந்தது. மூடினான். கைப்பிடியைச் சுற்றியதும் ஒன்றும் நடக்காதது போல என்ஜின் பிடித்துக்கொண்டது. "சூடு ஏறியிருக்கும். ஆறினதும் சரியாயிருச்சு," என்றான். அவன் கை பட்டு ஓரம் கலைந்திருந்த பொட்டை வடிவு பேக்டரிக்குத் திரும்பி வந்ததும் திருத்தி வைத்தாள்.

அடுத்த நாளும் அதே வளைவு, அதே தும்மல். கந்தப்பன் காபரேட்டரைப் பிரித்து ஊதினான். கஸ்பர் பெட்ரோல் பம்பைக் கழற்றிக் கழுவினார். கொயிலை மாற்றினார்கள். லொறி எல்லா உபசாரத்தையும் ஏற்றுக்கொண்டு வளைவில் போய் நின்றது. லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. ராசம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இது என்ஜின் கோளாறு இல்லடி வடிவு. வெள்ளக்காரன் வண்டி, முனிக்கு ஒரு தேங்காகூட ஒடைக்காம எத்தன வருசம் அந்த வழியா போயிருக்கு. அதான் மறிக்கிறாரு."

சனிக்கிழமை வேலை விட்டதும் தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். வடிவு வஞ்சகமில்லாமல் சந்தனம் அரைத்து, பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டைக் கனமாக அப்பினாள். பிறகு லொறியை எடுத்தார்கள். இந்த முறை அது வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை.

"எங்க மாதா கோயிலுன்னா ஒரு மெழுகுதிரியோட முடிஞ்சிருக்கும்," என்றார் கஸ்பர். "ஒங்க முனி தேங்காயையும் வாங்கிக்கிட்டு வழியும் விடமாட்டேங்கிறாரே."

கந்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. வடிவு, அந்தப் பித்தளைக் கொண்டி பழைய இரும்போடு இரும்பாகப் போவதை நினைத்தாள். அழுகையாக வந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து பனி விலகியதும் புறப்பட்டார்கள். கந்தப்பன் ஸ்டியரிங்கில். ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்னால் உருளாமல் டயருக்கு முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். அதனால் இடது பக்கம் கஸ்பர் ஒரு மரக்கட்டையோடு நடந்தார், டிரைவர் பக்கமான வலது பக்கம் வடிவு இன்னொரு கட்டையோடு. முதல் கியரில் லொறி நடக்கிற வேகத்தில்தான் ஏறியது. கொழுந்துக் கூடையோடு ஏறிப் பழகிய கால்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. உள்ளே சட்டி பானையெல்லாம் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தன.

முனியாண்டி வளைவுக்குக் கொஞ்சம் கீழே என்ஜின் தும்மியது.

"வடிவு," என்று கந்தப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "பெட்ரோல் இருக்கான்னு பாரு புள்ள. நான் நிறுத்த மாட்டேன், மூடியத் தொறந்து பாரு."

ஒரு கையில் கட்டையை வைத்துக்கொண்டு மூடியைத் திருக முடியவில்லை. வடிவு கட்டையைப் போட்டுவிட்டாள். லொறிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கஸ்பர், "கட்டை, கட்டை" என்று கத்தினார். அவள் காதில் விழுந்தது. வண்டி நின்று பின்னால் உருண்டால் என்னவாகும் என்பதும் தெரிந்தது. இருந்தாலும் நடந்துகொண்டே இரண்டு கையாலும் மூடியைத் திருகினாள்.

புஸ்ஸென்று தாங்கி ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தது. மூன்றாவது தும்மலுக்குத் தயாராக இருந்த என்ஜின் அதை விழுங்கிவிட்டு உறுமியது. லொறி முனியாண்டியைத் திரும்பியும் பாராமல் வளைவில் ஏறியது.

மூடியைத் திரும்பப் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு தும்மல். திறந்தாள், புஸ்ஸென்றது, தும்மல் நின்றது. இதென்ன கூத்து என்று கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம் நட்டநடுவில் ஸ்டவ்வில் இருப்பது போலவே ஒரு சின்னத் துளை. மேல்பக்கம் திருப்பினாள். துளை இருக்க வேண்டிய இடத்தில் அவள் வைத்த பொட்டு இருந்தது. கல்லாக இறுகி, குங்குமத்தோடு, மிகவும் அழகாக இருந்தது.

ஐயோ, முனியும் இல்லை, காபரேட்டரும் இல்லை, நான்தானா? தாங்கிக்குள் காற்றுப் போனால்தானே பெட்ரோல் இறங்கும்? காற்றுப் போகிற வழியை அடைத்துவிட்டு, அடைத்த அடைப்பின் மேலேயே அல்லவா அப்பியிருக்கிறேன். வெட்கப்பட நேரமில்லை. வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே துளையைக் குத்தினாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூடியின் வழியாக வானத்தைப் பார்த்தாள், ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. மூடியைத் தாங்கியில் போட்டு இறுக்கினாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த தும்மல் வரவில்லை. அதற்கடுத்த வளைவிலும் வரவில்லை. பீலித் தண்ணீரின் சத்தம் கேட்டது, சமதரை தெரிந்தது, தொப்பியும் பைப்புமாகத் தொரை தெரிந்தார். கந்தப்பன் லொறியைக் கொண்டுபோய் அவர் காட்டிய இடத்தில் நிறுத்தினான். லயத்துச் சனமே கூடியிருந்தது. ராசம்மா குலவை போட்டாள்.

தொரை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தலைகீழாக நின்ற தோட்டத்துப் பெயரைத் தலையைச் சாய்த்து வாசித்தார். "சரி, இரு," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது, அதுவே போதும். போகும்போது மட்டும், கஸ்பரின் கட்டையையும் வடிவின் வெறுங்கையையும் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குக் கொடுத்த கட்டை எங்கே?" என்று கேட்டார். கஸ்பர் தன் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஏதோ தான்தான் தொலைத்தவர் போல நின்றார்.

சனம் கலைந்த பிறகு வடிவு கந்தப்பனை மூடியருகே கூட்டிப் போனாள்.

"நான் வச்ச பொட்டுதாங்க," என்றாள். "அதான் மூச்சு விட முடியாம இருந்துச்சு."

கந்தப்பன் மூடியைப் பார்த்தான். அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தான். திட்டத்தான் வாயைத் திறந்தான். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"காபரேட்டரப் பிரிச்சுப் பிரிச்சு என் நகமெல்லாம் தேஞ்சு போச்சுடி."

"முனிகிட்ட யாராவது போயி மன்னிப்புக் கேட்டுருங்க," என்றார் கஸ்பர். "பாவம், எத்தன பழி அந்தாளு மேல."

மத்தியானம் வடிவு மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்தாள். பழக்கத்தில் கால் டிரைவர் கதவுப் பக்கம் போகப் பார்த்தது. கந்தப்பன் அவள் கையைப் பிடித்து வண்டியின் பின்பக்கம் கூட்டி வந்தான்.

"வண்டிக்கு வச்சது போதும். இது வீடு. வீட்டுக்கு நெலையிலதான் வைக்கிறது."

வடிவு படியேறிக் கதவு நிலையின் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தாள். மேலே எட்டவில்லை, அவன் தூக்கிவிட்டான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினார்கள். ஸ்டவ்வில் தேத்தண்ணி கொதித்தது. மண்ணெண்ணெய் வாடைக்குக் கந்தப்பன் லேசாக இருமினான்.

கொஞ்ச நேரத்தில் வெளியே மரப்படி கிறீச்சிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வடிவு, நான்தான். தம்பிக்குச் சுக்குத் தண்ணி கொண்டாந்தேன்," என்றது ராசம்மாவின் குரல்.

கந்தப்பன் எழுந்திருக்கப் போனான். வடிவு அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். பிறந்ததிலிருந்து யாரும் அவள் கதவைத் தட்டியதில்லை, தட்டுவதற்கு அவளுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. அக்கா இன்னொரு தடவை தட்டட்டும் என்று காத்திருந்தாள்.